டைல்ஸ் ஜாயிண்ட்டுக்கு என்ன கலர்? அந்த அறையின் அழுக்கைக் கேளுங்கள்

கேள்வி இதுதான்: வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. ஹாலுக்கு 2×4 அடி ஐவரி கலர் மார்பிள் டிசைன் டைல்ஸ், சமையலறைச் சுவருக்கு வெள்ளை, பாத்ரூமுக்கு டார்க், லைட், ஹைலைட்டர் செட். தண்ணீர் போர்தான். மேஸ்திரி “எல்லாத்துக்கும் ஒயிட் சிமெண்ட் போட்டு முடிச்சிடலாம்” என்கிறார். வீட்டில் ஒருவர் கறுப்பு ஜாயிண்ட்தான் அழகு என்கிறார், இன்னொருவர் தங்கக் கலர் எபாக்ஸி (பிளாஸ்டிக் மாதிரி இறுகும் ஜாயிண்ட் கலவை) கேட்கிறார். எந்த அறைக்கு எதைப் போடுவது?

மேஸ்திரியைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். ஜாயிண்ட் அடிப்பது, அதாவது டைல்ஸுக்கு இடையில் விட்ட இடைவெளியை அடைப்பதுதான் டைல்ஸ் வேலையில் கடைசி வேலை. ஆட்கள் அடுத்த சைட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், கையில் இருப்பதைப் பூசிவிட்டுப் போவது இந்தக் கட்டத்தில்தான். டைல்ஸைத் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்கியவர்கள்கூட ஜாயிண்ட் கலரை வாசலில் நின்றபடி போனிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். டைல்ஸின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி. அழுக்கு மேலோடு நிற்கும், துடைத்தால் போய்விடும். இடையில் இருக்கும் ஜாயிண்ட் சிமெண்ட் கலவை. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அந்த இடத்தில் தினமும் எந்த அழுக்கு படுகிறதோ, அதன் நிறத்தை நோக்கி ஜாயிண்ட் மெதுவாக நகரும். நீங்கள் நடக்கும் பாதையில் வேகமாக நகரும். சோபாவுக்கு அடியிலும் பீரோ ஓரத்திலும் அப்படியே இருக்கும். பழைய வீடுகளில் கண்ணை உறுத்துவது அழுக்கு என்பதைவிட, ஒரே தரையில் இரண்டு கலர் ஜாயிண்ட் தெரிவதுதான். ஆகவே இந்த ஜாயிண்ட் மூன்று வருடம் கழித்து என்ன நிறத்தில் நிற்கும் என்று யோசியுங்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் கலரை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 2×2 அடி டைல்ஸுக்கு 2 மி.மீ. ஜாயிண்ட் விட்டால் தரையில் ஜாயிண்ட் பிடிக்கும் இடம் ஒரு சதவீதம்கூட வராது. ஒரு அடி டைல்ஸுக்கு 3 மி.மீ. விட்டால் கிட்டத்தட்ட 2 சதவீதம். ஒரு அங்குல மொசைக் துண்டுகளை 2 மி.மீ. இடைவெளியில் ஒட்டினால் 14 சதவீதம் ஜாயிண்ட்தான்! அதாவது பெரிய டைல்ஸில் ஜாயிண்ட் வெறும் கோடு; அதை மறைக்கலாமா, காட்டலாமா என்பது மட்டுமே கேள்வி. மொசைக்கிலும் சின்னச் செங்கல் வடிவ டைல்ஸிலும் ஜாயிண்ட் கலர் மாறினால் சுவரின் கலரே மாறிவிடும். அதே வெள்ளைச் செங்கல் டைல்ஸ், வெள்ளை ஜாயிண்ட்டோடு ஒரு சுவராகவும், கரி நிற ஜாயிண்ட்டோடு வேறொரு சுவராகவும் இருக்கும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பெரிய டைல்ஸ். பயப்பட அவ்வளவு இல்லை.

ஹாலுக்கு வருவோம். மார்பிள் டிசைனில் எல்லோரும் செய்வது, அதில் ஓடும் சாம்பல் நிற ரேகையைப் பார்த்து “கிரே போடுங்க” என்பது. ரேகை குறுக்கும் நெடுக்குமாக வளைந்து ஓடுகிறது, ஜாயிண்ட் நேர்கோடு. ரேகையின் கலரில் நேர்கோடு போட்டால் தரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும், மார்பிள் என்ற பாவனை அங்கேயே உடைந்துவிடும். ரேகையை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் தளத்தின் கலரைப் பாருங்கள். உங்கள் டைல்ஸில் அது ஐவரி. ஆனால் அப்படியே ஐவரியைப் போடாதீர்கள். அதைவிட ஒரு படி கூடுதலாக, பிஸ்கட் கலர் அல்லது லேசான சந்தனக் கலர் பக்கம் போங்கள். இப்போது குடியிருக்கும் வீட்டில் ஹாலைத் துடைத்ததும் மாப்பைப் பிழிந்த தண்ணீரைப் பாருங்கள். செம்மண் பகுதியாக இருந்தால் அது காவி கலந்த பழுப்பாக இருக்கும். மெயின் ரோட்டு ஓரம் என்றால் கரும்சாம்பல். அந்தத் தண்ணீர்தான் உங்கள் ஜாயிண்ட்டுக்குள் இறங்கப்போகிறது. காவித் தண்ணீர் என்றால் பிஸ்கட், சாம்பல் தண்ணீர் என்றால் ஐவரியோடு கொஞ்சம் கிரே கலந்த ஷேடு. கடைக் கார்டில் இரண்டுமே இருக்கும்.

கறுப்பு ஜாயிண்ட் கேட்பவருக்கு ஒரு வார்த்தை. எதிர்க்கலர் போட்டால் வேலையின் எல்லாக் குறையும் வெளியே வரும். 2×4 டைல்ஸ் ஒவ்வொன்றும் நடுவில் மிக லேசாக வளைந்திருக்கலாம். அது தயாரிப்பிலேயே அனுமதிக்கப்பட்ட அளவு. செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால், ஒன்றின் மேடான நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த ஓரத்தோடு சேரும். ஒரே கலர் ஜாயிண்ட்டில் இது தெரியாது. ஐவரித் தரையில் கறுப்புக் கோடு போட்டுவிட்டு, மாலையில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள்: எங்கே கோடு தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எந்த டைல்ஸின் மூலை எழும்பி நிற்கிறது என்று விருந்தாளி வரைக்கும் சொல்லிவிடுவார்கள். அறையும் சின்னதாகத் தெரியும். எதிர்க்கலர் வேண்டும் என்றால் மேஸ்திரியின் கை சுத்தமாக இருக்க வேண்டும். இடைவெளி சீராக வர ஸ்பேசர் வைத்து, மட்டம் சமமாக நிற்க லெவல் கிளிப் போட்டுப் பதித்திருக்க வேண்டும். உங்கள் ஹாலில் ஏற்கனவே பதித்து முடித்தாகிவிட்டது. இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், “ஜாயிண்ட்டே தெரியக் கூடாது” என்று டைல்ஸை ஒட்ட ஒட்டப் பதிக்கச் சொல்வது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். டைல்ஸ் வெப்பத்தில் விரியும், அடியில் இருக்கும் கான்கிரீட் காலப்போக்கில் சுருங்கும். நடுவில் இடம் இல்லையென்றால் ஒரு நாள் ஹால் நடுவில் இரண்டு டைல்ஸ் கூடாரம் போல எழும்பி நிற்கும். பட்டென்று சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். 2 மி.மீ. விட்டு, கலரைச் சேர்த்துப் போட்டால் நின்று பார்க்கும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இனி ஒயிட் சிமெண்ட். மேஸ்திரி அதைச் சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அது ஒன்றுதான் இருந்தது. வெறும் ஒயிட் சிமெண்ட்டைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் காயும்போது சுருங்கும், ஊசி முனை அளவில் ஓட்டை விடும், ஓரத்தில் இழை போல விரிசல் விடும். தரையில் நடக்கும் பாதை முதல் வருடத்திலேயே கறுக்கும். கலர் வேண்டும் என்றால் அதில் ஆக்ஸைடு பொடியைக் கலப்பார்கள். கலப்பது கைக்கணக்கில். முதல் சட்டியில் ஒரு பிடி, இரண்டாவது சட்டியில் கொஞ்சம் தாராளமாக ஒரு பிடி. காய்ந்த பிறகு ஹாலின் பாதி ஒரு கலர், மீதி வேறொரு கலர். ஜாயிண்ட் அடைக்கவென்றே விற்கும் ரெடிமேட் கலவைக்குப் பெயர் கிரவுட். ராஃப், லேட்டிக்ரீட், வெபர் என்று எந்தக் கம்பெனி கிரவுட் பாக்கெட்டாக இருந்தாலும் நிறம் தொழிற்சாலையிலேயே கலந்து வருகிறது, பாலிமரும் சேர்ந்திருக்கிறது. பெரிய டைல்ஸுக்கு எவ்வளவு கொஞ்சமாகத் தேவைப்படும் என்பதைப் பார்த்தால், ஒயிட் சிமெண்ட்டில் மிச்சம் பிடிக்கும் காசு ஒரு விஷயமே இல்லை. கணக்கைக் கீழே சொல்கிறேன்.

சமையலறைச் சுவர்தான் நம் ஊர் வீடுகளில் கஷ்டமான இடம். காரணம் மஞ்சள் தூள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் தண்ணீர் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பில் இருக்கும் காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம்) பட்டால் சிவக்கும். சிமெண்ட்டும் காரம்தான். அதனால் புது ஜாயிண்ட்டில் தெறித்த குழம்பு மஞ்சளாக மட்டும் நிற்காது, செம்பழுப்பாக இறங்கும். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் இன்னும் சிவக்கும், தேய்க்கிறவர் பயந்துவிடுவார். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு வெயில் ஏது? எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொண்டால் கறை அங்கேயே குடியிருக்கும்.

அப்படியென்றால் மஞ்சளை மறைக்கச் சந்தனக் கலர் போடலாமே என்று தோன்றும். சுவர் டைல்ஸும் கிரீம், பிஸ்கட் வகையாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், ரொம்பப் பொருந்தும். உங்கள் சுவரோ வெள்ளை. வெள்ளை டைல்ஸுக்கு நடுவில் சந்தனக் கலர் கோடு முதல் நாளே பழைய வீடு மாதிரி இருக்கும். அங்கே லேசான சாம்பல், கடைகளில் சில்வர் கிரே என்று சொல்லும் ஷேடு சரியாக வரும். அடுப்புத் திட்டுக்கு மேலே இரண்டடி வரைக்கும், சிங்க் சுற்றிலும் சிமெண்ட் கிரவுட் வேண்டாம், எபாக்ஸி போடுங்கள். மற்ற இடத்தில் அதே ஷேடில் சிமெண்ட் கிரவுட் போதும். ஒரே கம்பெனியில் வாங்கினால் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டும் சேரும் கோட்டைச் சுவரின் நடுவில் விடாமல், மேல் அலமாரியின் அடியிலோ ஒரு மூலையிலோ முடித்தால் வித்தியாசம் இருந்தாலும் கண்ணில் படாது.

எபாக்ஸி பற்றி இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறேன். ரெசின், ஹார்டனர், கலர் பவுடர் மூன்றையும் கலந்தால் இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் உள்ளே போகாது, ஆசிட் தின்னாது. மஞ்சள் கறையை நாள் கணக்கில் விட்டால் அதிலும் லேசாகப் பிடிக்கும், ஆனால் மேலோடுதான். விலை சிமெண்ட் கிரவுட்டைவிடப் பல மடங்கு, கூலியும் அதிகம். கலந்த பிறகு வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறைவு. சித்திரை வெயிலில் இன்னும் குறைவு. பழக்கமில்லாத ஆள் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கலந்துவிட்டு, பாதியை டப்பாவிலேயே கல்லாக்கிவிடுவார். டைல்ஸின் மேல் படிந்த பசையை அன்றே துடைக்கவில்லையென்றால், பளபளப்பில்லாத மேட் டைல்ஸில் அது நிரந்தரமாக மங்கல் அடித்து நிற்கும். இன்னொன்று, வெயில் பட்டால் எபாக்ஸி மஞ்சளடிக்கும். பால்கனியிலும் வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலும் வெள்ளை எபாக்ஸி போட்டால் கறை படாமலேயே பழுப்பாகும். அங்கே கிரே, பிரவுன் போன்ற கலர் என்றால் தெரியாது. தங்கக் கலர் கேட்டவரிடம் இதைச் சொல்லுங்கள்: மினுமினுப்பு ஷேடு எல்லாம் பெரும்பாலும் எபாக்ஸியில்தான் வரும். பூஜையறைச் சுவருக்கோ ஒரு ஹைலைட்டர் பட்டைக்கோ அழகாக இருக்கும். ஹால் முழுக்கத் தங்கக் கோடு என்றால் நான் வேண்டாம் என்பேன். அது என் ரசனை, அவர் ரசனை வேறாக இருக்கலாம்.

பாத்ரூம். இங்கே கலரை முடிவு செய்வது தண்ணீர். போர் தண்ணீர் என்றால் இப்போது குளிக்கும் பாத்ரூமுக்குப் போய் வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே விளிம்பை ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் ஒரு படிவம் இருக்கும். குழாயின் வாயையும் ஷவர் ஓட்டைகளையும் பாருங்கள். படிவம் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி இருந்தால் கடினத் தண்ணீர். பழுப்பாக, துரு மாதிரி இருந்தால் இரும்புச் சத்து. வாளியில் எந்தக் கலரோ அதுதான் ஜாயிண்ட்டிலும் ஏறும். வெள்ளைப் படிவம் வரும் வீட்டில் கறுப்பு ஜாயிண்ட் போட்டால் ஆறே மாதத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல் பூசியது போல ஆகும். இரும்புத் தண்ணீர் வீட்டில் வெள்ளை ஜாயிண்ட் போட்டால் காவி அடிக்கும். முதல் வகைக்கு நடுத்தர கிரே, இரண்டாவது வகைக்குப் பழுப்பு கலந்த ஷேடு. இரண்டு படிவமும் சேர்ந்து வந்தால் பழுப்பு கலந்த கிரே. ஆங்கிலப் பெயர் எதுவானாலும் கடைக்காரரிடம் “ஈரமான களிமண் கலர்” என்று கேளுங்கள், எடுத்துக் கொடுத்துவிடுவார்.

டார்க், லைட், ஹைலைட்டர் செட்டில் ஒரு சிக்கல் உண்டு. கீழே மூன்று வரிசை டார்க், நடுவில் பூப்போட்ட ஹைலைட்டர், மேலே லைட். மேலே வெள்ளை, கீழே அடர்கலர் என்று இரண்டு ஜாயிண்ட் போடலாமா? போடலாம். ஆனால் டார்க் வரிசையும் ஹைலைட்டரும் சேரும் கோடு யாருக்கு என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அடர்கலர் எல்லை முடியும் கோட்டையும் அடர்கலரிலேயே முடித்தால் ஒரு பார்டர் மாதிரி நிற்கும். வெள்ளையில் முடித்தால் டார்க் டைல்ஸின் மேல்விளிம்பு வெட்டுப்பட்டது போலத் தெரியும். மூலையில் இரண்டு கலரும் ஒன்றின் மேல் ஒன்று வழியாமல் இருக்க, ஒன்று காய்ந்த பிறகு அடுத்ததை அடிக்க வேண்டும். அதாவது மேஸ்திரி இரண்டு நாள் வர வேண்டும். போர் தண்ணீர் வீட்டில் எனக்குப் பிடித்தது ஒரே கலர் வழி: ஹைலைட்டர் டிசைனுக்குள் இருக்கும் கலர்களில் நடுத்தரமான ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழ் வரைக்கும் அதையே போட்டுவிடுவது. பெரும்பாலான செட்டில் அந்த நடுக்கலர் ஒரு கிரேயாகவோ ஒரு பழுப்பாகவோதான் இருக்கும், தண்ணீருக்கும் அதுவே பொருந்தும்.

பாத்ரூம் தரை ஒரு அடி ஆன்டி ஸ்கிட் (வழுக்காத) டைல்ஸாக இருக்கும், ஜாயிண்ட் எண்ணிக்கை அதிகம், சோப்பு நீர் தங்கும் இடம். சுவரைவிட ஒரு படி அடர்த்தியான ஷேடு போடுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையில் சிமெண்ட் கிரவுட் நிற்காது. இரண்டு தளமும் தனித்தனியே அசையும்போது கீறல் விடும், அந்தக் கீறலில்தான் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அங்கே ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் சிலிக்கான் சீலன்ட் போட வேண்டும். சீலன்ட் எல்லாக் கலரிலும் கிடைக்காது. வெள்ளை, கிரே, கறுப்பு, கண்ணாடி நிறம் என்பதுதான் எல்லாக் கடையிலும் இருக்கும். கிரே பக்கம் போவதற்கு இது இன்னொரு காரணம்.

ஆசிட் பற்றிச் சொல்லாமல் பாத்ரூமை முடிக்க முடியாது. என்ன கலர் போட்டாலும் வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்த்தால் அந்தக் கலர் இருக்காது. ஆசிட் உப்புக் கறையைக் கரைக்கும், உண்மைதான். அதே வேகத்தில் சிமெண்ட்டையும் கரைக்கும். மேல் தோல் போனதும் ஜாயிண்ட் சொரசொரப்பாகும், அழுக்கை இன்னும் அதிகமாக இழுக்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் ஆசிட். சில வருடத்தில் ஜாயிண்ட் குழிந்து, கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரியும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலப்பது அதைவிட ஆபத்து. குளோரின் வாயு வரும், அடைத்த பாத்ரூமில் மூச்சுத் திணறிவிடும். உங்கள் வீட்டில் ஆசிட் பழக்கத்தை நிறுத்த முடியாது என்று தெரிந்தால் பாத்ரூமுக்கும் எபாக்ஸியே போட்டுவிடுங்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கையறையில் அழுக்கு குறைவு, டைல்ஸோடு சேரும் எந்தக் கலரும் சரி. மர டிசைன் டைல்ஸ் போட்டிருந்தால் அதன் ரேகைகளில் அடர்ந்த பிரவுனை எடுங்கள்; வெளிர் பிரவுன் போட்டால் பலகைக்கு நடுவில் மாவு அடைத்தது போல இருக்கும். பூஜையறைத் தரையில் குங்குமமும் விளக்கெண்ணெயும் கட்டாயம் சிந்தும், வெள்ளையைத் தவிருங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு அடர் கிரே தவிர வேறு யோசனையே வேண்டாம். மொட்டை மாடியில் வெயில் தடுக்கும் வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டால் அங்கே மட்டும் வெள்ளை ஜாயிண்ட்டுக்கு நியாயம் உண்டு, மழைக்காலம் முடிந்ததும் பாசி படிந்து கறுப்பாகும் என்று தெரிந்தே போடுங்கள். இடைவெளியை அகலமாக விடுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் எங்காவது போடுவதாக இருந்தால் அது தனிக் கதை. மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாத சிமெண்ட் கல், கிரவுட்டில் இருக்கும் நிறமி அதன் முகத்திலேயே இறங்கிவிடும். அதை நெருக்கிப் பதித்து, கல்லின் ஓரக் கலருக்கு ஒட்டிய வெளிர் ஷேடை இடுக்கில் மட்டும் விட்டு, உடனே துடைக்க வேண்டும். கறுப்பு கிரவுட்டை அதன் மேல் இழுக்கவே கூடாது.

கலரை எப்படிப் பார்த்து வாங்குவது? கடையில் தொங்கும் ஷேடு கார்டில் இருப்பது அச்சு அல்லது பிளாஸ்டிக் குச்சி. கடை வெளிச்சமும் உங்கள் வீட்டு வெளிச்சமும் வேறு. மனதில் இருக்கும் இரண்டு மூன்று ஷேடில் ஒவ்வொரு கிலோ வாங்குங்கள். வீணாகும் டைல்ஸ் துண்டுகளை ஒரு பலகையில் 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். பவுடரைக் கலந்து அடைத்து, துடைத்து, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். ஈரத்தில் எல்லா சிமெண்ட் கிரவுட்டும் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் ஒரு படி வெளுக்கும். அவசரம் என்றால் காய்ந்த பவுடரையே இடைவெளியில் தூவிப் பாருங்கள். கடைசியில் வரும் கலருக்கு அது ஓரளவு பக்கத்தில் இருக்கும். அந்தப் பலகையை அந்த அறையிலேயே, தரை என்றால் தரையில், சுவர் என்றால் சுவரில் சாய்த்து வைத்து, காலை வெளிச்சத்தில் ஒருமுறையும் இரவு லைட்டில் ஒருமுறையும் பாருங்கள். கையில் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்க்க வேண்டாம். நின்று பாருங்கள், வாழப்போவது அந்தத் தூரத்தில்தான்.

சரியான கலரை வாங்கிக் கொடுத்தும் வேலையில் கெடுவது உண்டு. முக்கியக் குற்றவாளி தண்ணீர். பாக்கெட்டில் போட்ட அளவைவிட அதிகமாக ஊற்றினால் இழுக்கச் சுலபம், ஆனால் காய்ந்ததும் வெளுத்து, திட்டுத் திட்டாக நிற்கும். சட்டிக்குச் சட்டி அளவு மாறினால் ஷேடும் மாறும். அளவுக் குவளை ஒன்றை மேஸ்திரி கையில் கொடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் கலக்க வேண்டாம்; கிலோவுக்குக் கால் லிட்டர், அதற்குக் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும், குடிநீர் கேன் ஒன்று வாங்கினால் வீடு முழுக்கப் போதும். துடைக்கும் ஸ்பாஞ்சையும் நன்றாகப் பிழிந்துவிட்டே துடைக்க வேண்டும், சொட்டச் சொட்டத் துடைத்தால் நிறமி கழுவிக்கொண்டு போய்விடும்.

அடர்கலர் போட்ட பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூப்பது வேறு பிரச்சினை. சிமெண்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றுப் பட்டு வெள்ளைப் படிவமாக உறையும். நம் பக்கம் தரையில் மணல் கலவை விரித்து, சிமெண்ட் பால் ஊற்றிப் பதிப்பதால் அடியில் ஈரம் நிறைய இருக்கும், கீழ்த்தளத்தில் இன்னும் அதிகம். பதித்த மறுநாளே ஜாயிண்ட்டை அடைத்தால் அந்த ஈரம் வெளியேற இருக்கும் ஒரே வழி ஜாயிண்ட்தான். ஒரு வாரமாவது திறந்து விடுங்கள். பசை போட்டு ஒட்டிய சுவர் என்றால் ஒரு நாள் போதும்.

திறந்து விட்ட அந்த நாட்களில் பெயின்டர் உள்ளே வருவார். பட்டி தேய்த்த மாவு அத்தனையும் இடுக்கில் போய் உட்காரும். அதன் மேல் கிரவுட்டை அடைத்தால் மேலே ஒரு தோல் மட்டும் பிடித்து, ஆறு மாதத்தில் பெயர்ந்து வரும். அடைப்பதற்கு முன் ஒவ்வொரு இடுக்கையும் பிளேடால் கீறி, டைல்ஸ் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாக்குவம் இருந்தால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். இதை யாரும் செய்ய மாட்டார்கள். நீங்கள் நின்றால்தான் நடக்கும்.

அளவு. கிலோ கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு: டைல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, நீளம் பெருக்கல் அகலத்தால் வகுத்து, வந்ததை டைல்ஸ் தடிமன், ஜாயிண்ட் அகலம், 1.6 ஆகிய மூன்றாலும் பெருக்குங்கள்; எல்லாம் மி.மீ.யில். உங்கள் 600×1200 டைல்ஸ் 9 மி.மீ. தடிமன், 2 மி.மீ. ஜாயிண்ட் என்றால் சதுர மீட்டருக்கு 72 கிராம். 300 சதுர அடி ஹாலுக்கு இரண்டு கிலோவே கணக்கு, சேதாரத்தோடு மூன்று வாங்கலாம். ஒரு அடி பாத்ரூம் டைல்ஸ், 8 மி.மீ. தடிமன், 3 மி.மீ. ஜாயிண்ட் என்றால் சதுர மீட்டருக்குக் கால் கிலோ. ஒரு அறைக்குத் தேவையானதை ஒரே பேட்ச் எண்ணில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கும் பாக்கெட்டில் ஷேடு எண் ஒன்றாக இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியலாம்.

ஏற்கனவே ஒயிட் சிமெண்ட் போட்டு முடித்துவிட்ட அறை ஏதாவது இருந்தால், அதன் மேலேயே புதுக் கிரவுட்டைத் தேய்க்கச் சொல்லாதீர்கள், நிற்காது. சின்ன பிளேடு மெஷினால் பழையதைக் கீறி எடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும், அதிலும் டைல்ஸ் விளிம்பு சிதறாமல் பார்க்க வேண்டும். அது தலைவலி என்றால் ஜாயிண்ட்டுக்கு மேல் பூசும் கலர் சீலர் கிடைக்கிறது. சுவரில் நன்றாக நிற்கும், நடக்கும் பாதையில் தேய்ந்துபோகும்.

மிச்சமான பவுடரைப் பிரித்த பாக்கெட்டிலேயே எடுத்துவைத்துப் பிரயோஜனமில்லை, நம் ஊர் ஈரக் காற்றுக்குக் கட்டி தட்டிவிடும். அதற்குப் பதில், சாம்பிள் பலகையில் நீங்கள் தேர்ந்தெடுத்த துண்டின் பின்பக்கம் அறையின் பெயர், கம்பெனி, ஷேடு எண் மூன்றையும் மார்க்கரால் எழுதி, லாஃப்ட்டில் அடுக்கும் உபரி டைல்ஸ் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். பிளம்பர் வந்து ஒரு டைல்ஸை உடைக்கும் நாளில் அது தேவைப்படும்.